பாட்டுத் தெரியாது, பாட்டுக்காரரைத் தெரியும்

அறுபதைத் தாண்டிய என் வயதுக்காரர்களே, இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு வெள்ளைக்காரப் பாட்டுக்காரர்களைப் பற்றி நிறையத் தெரியும். எங்களுடைய சின்ன வயதில் உலகத்தையே ஆட்டிவைத்த அந்தத் தலைமயிர் வளர்த்த கூட்டத்தைச் சொல்கிறேன். எவர் இடது கைக்காரர், எவர் மேடையில் பல்லால் கிட்டார் வாசித்தவர், எவர் சின்ன வயதிலேயே தாயைப் பறிகொடுத்தவர், எவருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்கும் ஆளையே தெரியாது, எல்லாம் தெரியும். பாட்டு மட்டும் தெரியாது. அவர்களுடைய ஒரு பாட்டைக்கூட அந்த வயதில் நான் முழுதாகக் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்துக் கடற்கரையில், குருநகரில் எங்கள் வீட்டில் ரேடியோ இருக்கவில்லை. எங்களிடம் இருந்தது சின்ன மாமாதான்.

சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. சரக்குக் கப்பல் ஒன்றில் குசினியில் சமையல் வேலைக்குப் போனவர், சில வருடங்களுக்குப் பிறகு ஒரு மாரிகாலத்தில், நனைந்த சேட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். ஏன் திரும்பினார் என்பதற்கு ஊரில் பல கதைகள். கப்பலில் களவெடுத்துப் பிடிபட்டார் என்றார்கள். நெஞ்சில் வருத்தம் என்று கப்பல்காரர் இறக்கிவிட்டதாகவும் சொன்னார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இரண்டாவது கதைதான் சரியென்று பட்டது. என்னிடம் எவரும் கேட்கவில்லை.

கப்பலுக்குப் போய் வந்தவர்கள் மணிக்கூடு கொண்டுவருவார்கள், வாசனைச் சவர்க்காரம் கொண்டுவருவார்கள். மாமா கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஆங்கிலச் சஞ்சிகைகளிலிருந்து கிழித்தெடுத்த பக்கங்கள். உப்பும் எண்ணெயும் கலந்த ஒரு வாடை அந்தப் பக்கங்களில் ஊறிப்போயிருந்தது. அப்பா பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"உதைத் தூக்கிக்கொண்டோ இவ்வளவு தூரம் வந்தனீ, மச்சான்?"

"ஓம் அத்தான்" என்றார் மாமா. அவருக்கு அதில் வெட்கம் ஒன்றும் இருக்கவில்லை.

வீட்டுக்குள் இடமில்லாததால் பின்பக்கத்து வலைக் கொட்டிலில் மாமா படுத்தார். என் அறை யன்னல் அந்தக் கொட்டிலைப் பார்த்தபடி இருந்தது. அந்த வருடம்தான் நான் பெரியபிள்ளையானேன். என் சிநேகிதிகள் எல்லாரையும் முந்திக்கொண்டு, பதினொரு வயதில். பள்ளிக்கூடத்தை நிற்பாட்டிவிட்டார்கள். 'கொஞ்ச நாள்தானே' என்று அம்மா சொன்னாள். அந்தக் கொஞ்ச நாள் மாரி முடிந்தும் முடியவில்லை. காலையில் பள்ளிக்கூட மணி கேட்கும். முதலில் இரண்டு பேர் என்னைப் பார்க்கப் படலை வரையும் வந்துபோனார்கள். பிறகு அவர்களுக்கு வேறு சிநேகிதிகள் கிடைத்துவிட்டார்கள். மதில் பூனை ஒன்று தவிர என்னோடு பகலில் கதைக்க ஒருவரும் இல்லை. உங்களில் பெண்களாய்ப் பிறந்தவர்களுக்கு அந்த அறையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. யன்னல் கம்பியின் துருவை நகத்தால் சுரண்டிச் சுரண்டி, என்னுடைய விரலெல்லாம் செம்மண் நிறமாய் இருந்தது அந்தக் காலம்.

அதனால்தான் மாமாவின் கதைகளை நான் ஒன்றுவிடாமல் கேட்டேன். அப்பாவும் கூட்டாளிகளும் கொட்டிலில் இருந்து கிழிந்த வலை பொத்துவார்கள். மாமா உதவி செய்வதுபோல ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு கதையைத் தொடங்கிவிடுவார். ஒருநாள் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து யன்னல் கம்பிக்குள்ளால் நீட்டினார். நாலு பேர் வரிசையாய் ஒரு ரோட்டைக் கடக்கிற படம்.

"இஞ்சை பார் பிள்ளை. மூண்டாவதாய் வாறவன்ரை காலைப் பார்."

"செருப்பில்லை, மாமா."

"அதுதான் விசயம். செருப்பில்லாமல் நடந்தபடியால் அவன் எப்பவோ செத்துப்போனான், உது அவனைப்போலை இருக்கிற வேறை ஆரோ எண்டு வெள்ளைக்காரர் கதைக்கினம். பேப்பரிலையெல்லாம் வந்தது."

அப்பா வலையிலிருந்து நிமிராமலே சொன்னார்: "அப்பிடிப் பார்த்தால் குருநகரிலை ஒருத்தரும் உயிரோடை இல்லை."

கொட்டிலே சிரித்தது. மாமாவும் சிரித்தார். ஆனால் படத்தைத் திரும்ப வாங்கும்போது மடிப்புக் கலையாமல் பார்த்து வாங்கினார்.

அவருக்கு ஊர் வைத்த பெயர் கப்பல் புளுகர். அதற்கு நியாயம் இருந்தது. அந்த நாலு பேரில் ஒருவர் தன்னுடைய கப்பலில் பயணம் செய்ததாகவும், தான் அவருக்கு மீன் சொதி வைத்துக் கொடுத்ததாகவும், அவர் இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்ததாகவும் சொல்லுவார். இன்னொரு பக்கத்தில், ஏதோ ஒரு மண்டபத்துக்கு வெளியே நிற்கிற பெருங்கூட்டத்தின் படம். முன்வரிசையில் பெண்பிள்ளைகள் அழுதுகொண்டு நிற்பார்கள். மாமா பின்னால், கறுப்பாய்த் தெரிகிற ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டுவார்.

"உது நான்."

நான் நம்பினேன். அந்தப் புள்ளிக்கு மாமாவின் நெற்றி இருந்தது என்றுகூட எனக்குத் தோன்றியது.

அண்ணையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அண்ணை என்னைவிட எட்டு வயது மூத்தவர். அப்பா அவரைக் கடலுக்குக் கூட்டிப்போகவில்லை. அலைக்கு அவருடைய வயிறு தாங்காது. அதனால் ஐஸ் பக்டரியில் வேலை. அவரிடம் ஒரு கிட்டார் இருந்தது. பட்டணத்தில் ஒரு பறங்கிக் குடும்பம் வீட்டைக் காலிபண்ணிக்கொண்டு அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது வாங்கியது. மேல்பலகையில் ஒரு வெடிப்பு இருந்தது. அதற்கு அண்ணை வள்ளத்துக்குப் பூசுகிற கீலைத் தடவியிருந்தார். வாசிக்கும்போது சூடேறி அந்தக் கீல் இலேசாய் மணக்கும். மாதா கோயில் இசைக்குழுவில் அவரும் இருந்தார். கலியாண வீடுகளில் பைலாவும் சினிமாப் பாட்டும் வாசிப்பார்கள்.

மாமா வந்த பிறகு அண்ணைக்கு வேறு ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. பின்னேரங்களில் இரண்டு பேரும் கொட்டிலில் இருப்பார்கள். மாமாவுக்குச் சுத்தமாய்ச் சுருதி கிடையாது. அவர் அந்தப் பாட்டுகளில் ஒன்றை முணுமுணுப்பார். அண்ணை கம்பியில் தேடுவார்.

"உப்பிடியோ, மாமா?"

"கிட்ட வந்திட்டாய் மருமோன். இன்னும் கொஞ்சம் துக்கமாய்."

"துக்கமாய் எண்டால் என்ன மாதிரி?"

"கரையிலை நிண்டு கப்பலைப் பார்க்கிற மாதிரி இல்லை. கப்பலிலை நிண்டு கரையைப் பார்க்கிற மாதிரி."

அண்ணை திரும்ப வாசிப்பார். மாமா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். பல வருடங்களுக்குப் பிறகு கொழும்பில் ஒரு கடையில் அந்தப் பாட்டுகளில் ஒன்று உண்மையாகவே போனபோது, இதுதான் அது என்று என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணையின் பாட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. அண்ணையுடையது நல்லாயிருந்தது என்று நான் இன்றைக்கும் சாதிப்பேன்.

அந்த வருடம் கோயில் பெருநாளுக்கு அண்ணை மேடையில் தனியாக ஒரு பாட்டு வாசிப்பதென்று முடிவாகியிருந்தது. சுவாமியார் சம்மதித்துவிட்டார். ஆங்கிலப் பாட்டென்று சொன்னால் மறுத்துவிடுவாரோ என்று பயந்து, மாதாவைப் பற்றியது என்று மாமா சொல்லிவைத்திருந்தார். பெருநாளுக்கு என்னையும் வெளியே கூட்டிப்போவதாக அம்மா வாக்குத் தந்திருந்தாள். எனக்குப் புதுச்சட்டை தைக்கத் துணி வந்திருந்தது. மாரி முழுக்க நான் காத்திருந்தது அந்த ஒரு நாளுக்குத்தான்.

பெருநாளுக்கு முந்திய கிழமை, காலமை பத்து மணியளவில் ஒருவர் சைக்கிளில் வந்து படலையில் நின்று அம்மாவைக் கூப்பிட்டார். ஐஸ் அரைக்கிற மெசினுக்குள் அண்ணையின் கை போய்விட்டது. அம்மா அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நான் வெளியே போகக் கூடாது என்பதால் வீட்டிலேயே நின்றேன். சோறு கருகி மணத்தபோதுதான் எனக்கு அடுப்பின் ஞாபகம் வந்தது.

கை போகவில்லை. இடது கையில் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நுனி போயிருந்தது. கட்டுப்போட்ட கையை ஒரு துவாயால் மூடிக்கொண்டு அண்ணை வீட்டுக்கு வந்தார். அடுத்த சில நாட்கள் அயலெல்லாம் வந்துபோனது. வந்த ஒவ்வொருவரும் ஒன்றையே சொன்னார்கள்.

"இடது கைதானே பிள்ளை. மாதா காப்பாத்தினவ. வலது கையெண்டால் என்ன செய்வாய்? சாப்பிடலாம், எழுதலாம், ஒரு குறையும் வராது."

அண்ணை ஒவ்வொருவருக்கும் "ஓம்" என்று தலையாட்டினார். அம்மா நன்றிக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். கிட்டாரில் சுரம் பிடிக்கிற கை எது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் யன்னலுக்குள் இருந்து பார்த்ததால் எனக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியும். பிறகு பார்த்தால், வாய் திறக்காமல் இருந்த அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது. அண்ணை ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அவர் கட்டிலுக்குக் கீழே இருந்த கிட்டாரை எடுத்து, சாக்கில் சுற்றி, சுவாமியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். தீவுப்பக்கத்துக் கோயில் ஒன்றில் பாட்டுக்குழுப் பிள்ளைகளுக்கு ஒன்று தேவையென்று சுவாமியார் முன்பே சொல்லியிருந்தாராம். "கண்ணிலை படாட்டி மறந்திடுவான்" என்று அப்பா அம்மாவிடம் குசினியில் சொன்னதை நான் கேட்டேன். அவருடைய குரல் உடைந்திருந்தது. அப்பாவைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள்.

பெருநாள் வந்தது, போனது. நாங்கள் ஒருவரும் போகவில்லை. வாணச் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணை விறாந்தையில் ஒரு கதிரையில் இருந்தபடி மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே, மாமா கொட்டிலில். ஒரு வீட்டில் மூன்று பேர், மூன்று இடத்தில்.

அதற்கு அடுத்த நாள் பின்னேரம் எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது மாமா விறாந்தைக்கு வந்தார். அண்ணைக்கு முன்னால் குந்தினார்.

"மருமோன், ஒரு கதை சொல்லுறன், கேள். இங்கிலாந்திலை ஒரு பெடியன். இரும்புப் பட்டறையிலை வேலை. உன்னைப் போலை மெசினுக்கை விட்டு ரெண்டு விரல் நுனி போச்சு. அதே நடுவிரல், அதே மோதிர விரல். அவன் என்ன செய்தான் தெரியுமோ? பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி, விரலுக்குத் தொப்பி மாதிரிச் செய்து போட்டுக்கொண்டு வாசிச்சான். இப்ப பெரிய பேர் எடுத்த ஆள்…"

அம்மாவின் கையிலிருந்த கோப்பை நிலத்தில் போய் விழுந்தது.

"வாயை மூடு! என்ரை பிள்ளையின்ரை விரலிலையுமோ உன்ரை புளுகு?"

"அக்கா, இது புளுகில்லை."

"எல்லாத்திலையும் புளுகினாய், கேட்டுச் சிரிச்சம். சொதி வைச்சுக் குடுத்தனெண்டாய், சிரிச்சம். இது சிரிக்கிற விசயமோ? அதே ரெண்டு விரலாம்! கொஞ்சமாவது நெஞ்சிலை ஈரம் இருக்கோ உனக்கு?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்து வந்து மாமாவின் தோளைப் பிடித்துத் தூக்கினார். அடிக்கவில்லை. மெதுவாய்த்தான் சொன்னார்.

"மச்சான், நீ கொஞ்ச நாளைக்கு வேறை எங்கையும் போய் இரு."

அண்ணையின் கண் மாமாவின் முகத்திலேயே இருந்தது. அவர் கோபத்தில் பார்க்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாமா கொட்டிலுக்குப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்து பக்கங்களை ஒவ்வொன்றாய்ப் புரட்டினார். நான் யன்னலில் நின்றேன்.

"என்ன தேடுறியள், மாமா?"

"அந்தப் பெடியன்ரை பக்கம். எங்கையோ வாசிச்சனான் பிள்ளை. கிழிச்சு வைச்சனோ, விட்டிட்டனோ தெரியேல்லை."

"உண்மையோ, மாமா?"

அவர் யன்னலுக்குக் கிட்ட வந்தார். கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களுக்கு மேலே தன் கையை வைத்தார். "ஓம், பிள்ளை" என்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு சேட்டையும் சாரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனார். பெட்டியைப் பிறகு ஆளனுப்பி எடுப்பதாகச் சொன்னார். எடுக்கவில்லை. மழை தொடங்கியபோது அம்மா அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாய் அடுப்பு மூட்டப் பாவித்தாள். ரோட்டைக் கடக்கிற நாலு பேரும், மண்டபத்துக்கு வெளியே நின்ற கூட்டமும் அப்படித்தான் போனது. பெட்டிக்குள் கொஞ்சக் காலம் அரிசி இருந்தது. பிறகு அதுவும் துருப்பிடித்து எங்கே போனதென்று தெரியவில்லை.

எனக்கு மாமாவில் நம்பிக்கை இருந்தது. அம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒருநாள், ஓட்டை விழுந்த ஒரு பிளாஸ்ரிக் கோப்பையை எடுத்து, சிரட்டைக் கரியில் வாட்டினேன். உருகியதை ஒரு விறகுக் குச்சியில் சுற்றி, தண்ணீரில் தோய்த்து, திரும்பச் சுற்றினேன். உள்ளங்கை கொப்பளித்துப்போனது. வந்தது ஒரு அவலட்சணமான நீலக் குமிழ். குசினி முழுக்கப் புகை. அம்மா வந்து கண்டுவிட்டு முதுகில் இரண்டு வைத்தாள். சத்தம் கேட்டு அண்ணை வந்தார். அவருக்கு விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை. அந்தக் குமிழை என் கையிலிருந்து வாங்கி, துணி சுற்றிய நடுவிரலில் போட்டு, மேசை விளிம்பில் அழுத்திப் பார்த்தார். முகம் சுருங்கியது. திரும்ப அழுத்தினார்.

பிறகு நேரே அறைக்குள் போனார். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்க்கிற சத்தம் கேட்டது. விபத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாய் அங்கே பார்த்தார்.

"அப்பா, கிட்டார் எங்கை?"

அப்பா முற்றத்தில் நின்றார். அவருடைய கை தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தது.

"சுவாமியிட்டைக் குடுத்திட்டன், தம்பி. உனக்கு… உன்ரை கண்ணிலை படக்கூடாதெண்டு."

"சரி, அப்பா" என்றார் அண்ணை.

அவ்வளவுதான். மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னால் ஒருவர் எப்படிச் 'சரி' என்பாரோ அப்படி. அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. "பார், மறந்திட்டான்" என்று அன்றிரவே அம்மாவிடம் சொன்னார். சாகும்வரை தான் செய்தது சரியென்றே அவர் நம்பியிருந்தார். நானும் எவ்வளவோ காலம் அப்படித்தான் இருக்குமென்று நினைத்தேன்.

மாமாவை அதற்குப் பிறகு நாங்கள் காணவில்லை. தீவுக்குப் போகிற துறையில் அவரைக் கண்டதாக ஒருவர் சொன்னார். கொழும்பில் கண்டதாக இன்னொருவர். அம்மா பல வருடம் படலைச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பாள். அண்ணை அடுத்த வருடம் வேலை தேடிப் போனார், பிறகு அலைக்குத் தாங்காத அந்த வயிற்றோடேயே கப்பல், பிறகு கனடா. அதற்குப் பிறகு இங்கே வந்த சண்டைக் காலத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாங்கள் எல்லாரும் ஓடினோம். போனவர்கள் போக, மிஞ்சியவர்கள் திரும்பி வந்தோம். இப்போது அதே வளவில், புதிதாய்க் கட்டின வீட்டில் நான் தனியே இருக்கிறேன். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருடமாகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில். மகள் வாங்கித் தந்த ஃபோன் ஒன்று இருக்கிறது. அதுதான் பின்னேரங்களில் என்னோடு கதைக்கிறது.

அந்த ஃபோனில் போன மாதம், செருப்பில்லாமல் ரோட்டைக் கடந்தவர் வந்தார். எண்பது தாண்டியும் உயிரோடு மேடையில் பாடிக்கொண்டு நிற்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரைப் பார்த்ததால் ஃபோன் அவருடைய கூட்டாளிகளையும் ஒவ்வொருவராய்க் கொண்டுவந்து காட்டத் தொடங்கியது. மிஞ்சியவர்கள் எல்லாரும் எங்களைப்போல கிழடுகள். தோல் சுருங்கி, காதில் மெசின் போட்டு, பழைய பாட்டுக்குப் பழைய கதை சொல்லிக்கொண்டு. கிட்டாரைத் தலைகீழாய்ப் பிடித்து வாசித்த இடது கைக்காரர் கிழடாகவில்லை. அவர் எப்போதோ இளவயதில் போய்விட்டார். பல்லால் வாசித்தவரும் அவர்தான், மாமா சொன்னபடியே. தாயை இழந்தவர், கண்ணாடிக்காரர், எல்லாம் மாமா சொன்னபடியே.

பிறகு ஒருநாள் கறுப்புடை போட்ட ஒரு கிழவர் வந்தார். கதிரையில் இருந்தபடி கமராவுக்கு முன்னால் கையை நீட்டினார். இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. நடுவிரல், மோதிர விரல். பட்டறையில் மெசினுக்குள் போனதாம். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கினாராம்.

ஃபோனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து முற்றத்துக்குப் போனேன். கொட்டில் இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்த் தாங்கி நிற்கிறது. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. மாமா அந்தப் பாட்டுக்காரர்களைப் பற்றி ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவர் பொய் சொன்னதெல்லாம் தன்னைப் பற்றி மட்டும்தான். சொதி வைத்துக் கொடுத்த இடத்தில் அவர் இருந்திருக்கமாட்டார். கூட்டத்தில் அந்தப் புள்ளி வேறு யாரோ. ஊரூராய்க் கப்பல் நின்றபோது, எங்கேயோ ஒரு துறைமுகத்தில், குளிரில், ஒரு மண்டபத்துக்கு வெளியே உள்ளே போக வழியில்லாமல் நின்ற ஒரு மனிதன், அந்தக் கதைக்குள் தனக்கு ஒரு சின்ன இடம் பிடித்துக்கொண்டிருக்கிறான். அந்தச் சின்னப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் அவரை வீட்டை விட்டு அனுப்பினோம்.

பின்னேரம் அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம். அண்ணி போன பிறகு அவரும் தனியேதான் சமைத்துச் சாப்பிடுகிறார்.

"அண்ணை, மாமா சொன்னது உண்மையாம்."

"எந்த மாமா?"

"கப்பல் மாமா. விரல் இல்லாமல் கிட்டார் வாசிச்ச ஆளைப் பற்றிச் சொன்னாரே. அந்த ஆளை ஃபோனிலை பார்த்தன். உள்ள ஆள்தான், அண்ணை."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியும், பிள்ளை."

"எப்ப தொடக்கம்?"

"மாமா சொன்ன அண்டைக்கே. அவரின்ரை முகத்தைப் பார்த்தனான். அந்த முகத்தோடை ஒருத்தர் பொய் சொல்லமாட்டார். பேந்து அவர் ஐஸ் பக்டரி வாசலுக்கு வந்தவர், நீங்கள் ஒருத்தரும் அறியாயள். அந்த இருமலோடை வள்ளத்திலை தீவுக்குப் போய்க் கிட்டாரைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். கோயிலுக்குக் குடுத்ததைத் தர ஏலாதெண்டு சொல்லிப்போட்டினமாம். வாசலிலை நிண்டு அழுதவர். நான்தான் கொண்டுபோய் ரெயின் ஏத்திவிட்டனான். கொழும்பிலை ஆஸ்பத்திரியிலை காட்டிப்போட்டு வாறன் எண்டார். வரேல்லை."

அண்ணையே தொடர்ந்தார்.

"இஞ்சை வந்த முதல் வருசம் ஒரு கிட்டார் வாங்கினனான், பிள்ளை."

"என்ன?"

"ஓம். தொப்பி எனக்குச் சரிவரேல்லை. சுட்டுவிரலையும் சின்னிவிரலையும் வைச்சுப் பழகினன். கனகாலம் எடுத்தது. கீழே, பேஸ்மென்ற்றிலை கதவைச் சாத்திப்போட்டு வாசிக்கிறனான். ஆருக்கும் கேக்காதெண்டு நினைச்சன். உன்ரை அண்ணி படியிலை இருந்து கேக்கிறவ எண்டு அவ போனாப் பிறகுதான் மகள் சொன்னவள்."

"எங்களுக்கு ஏன் அண்ணை சொல்லேல்லை? ஒருக்காவாவது?"

"அப்பா இருந்தவரெல்லோ. நான் வாசிக்கிறன் எண்டு தெரிஞ்சால், தான் குடுத்ததை நினைச்சு நினைச்சே செத்திருப்பார். என்னிலை இருந்த பட்சத்திலை குடுத்த மனுசன். அவர் இருக்குமட்டும் சொல்லக்கூடாதெண்டு இருந்தன். அவர் போனாப்பிறகு…" கொஞ்சம் நிறுத்தினார். "தனிய வாசிச்சுப் பழகிப்போச்சு."

எழுபத்திமூன்று வயது அண்ணையிடம் ஒன்று கேட்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியது. பதினொரு வயதில், புதுச்சட்டைத் துணியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தபோது இருந்த அதே ஆசை. கேட்டேன்.

அவர் மறுக்கவில்லை. படியிறங்குகிற சத்தம், ஒரு கதவு, ஒரு சுவிட்ச். ஃபோனை எதிலோ சாய்த்து வைத்தார். கம்பியை முறுக்கினார், இருமினார், தொடங்கினார். என்ன பாட்டென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு இடத்தில் தடக்கியது. ஒரு இடத்தில் நிறுத்தி, பின்னுக்குப் போய்த் திரும்ப வாசித்துக்கொண்டு வந்தார். வெளியே ரோட்டில் பாண் ரொட்டி விற்கிறவரின் ஓட்டோ ஒலிபெருக்கிப் பாட்டோடு போனது. நான் எழுந்து யன்னலைச் சாத்தினேன்.

வாசித்து முடிந்தது. பிறகு அண்ணை கேட்டார்:

"கேட்டுதோ?"

"ஓம், அண்ணை."

"பக்கத்திலை ஆரும் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை."

"இஞ்சையும் இல்லை" என்றார் அண்ணை. "அப்ப இன்னொண்டு வாசிக்கட்டோ?"